சயானில் மாமியார் குளித்தாரா?

அருவிக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வந்தேன் என்று எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினால் பரிதாபப்படுவார்கள். போன மே மாதம் மச்சினன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். பாலைவனத்துக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் எமரால்டு பூல்ஸ் என்று கீழும் நடுவும் மேலுமாகக் குளங்கள், அவற்றில் விழும் மெல்லிய அருவிகள். ஊர் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "குளிச்சியளா?" நான் இல்லை என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மாமியார், "பின்ன குளிக்காமயா வந்தோம்?" என்றார். வந்தவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நானும் சொல்லவில்லை. ஒரே அருவிக்குப் போன இரண்டு பேரிடம் எப்படி இரண்டு பதில் இருக்க முடியும் என்பது மாதக்கணக்கில் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஆரல்வாய்மொழிக்காரன். எங்கள் ஊரில் விளைவது காற்று, தண்ணீர் இல்லை. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவன். பேப்பரில் அணை நீர்மட்டம் போடும்போது 48 அடிப் பேச்சிப்பாறையும் 77 அடிப் பெருஞ்சாணியும் மளமளவென்று ஏறும். எங்கள் பக்கத்துப் பொய்கை அணை மட்டும் தயங்கித் தயங்கித்தான் ஏறும். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் முக்கடல் அணைக்கு நேரே கோடையில் மைனஸ் என்று போட்டிருப்பார்கள். மாமியார் பிறந்து வாழ்ந்தது கோதையாற்றங்கரை. திற்பரப்பு அருவி நடந்து போகிற தூரம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மாமனாரோடு ரப்பர் பால் வெட்டப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு, ஆற்றில் முங்கி எழுந்து வந்துதான் அடுப்புப் பற்றவைப்பார். மாமனார் போன பிறகு, அமாவாசையில் முன்னோருக்குக் கொடுக்கும் வாவுபலி போட்டதும் அதே ஆற்றில். குளியலறையில் ஊற்றிக்கொள்வதை அவர் குளி என்று கணக்கில் சேர்ப்பதே இல்லை. அது "மேல் கழுவுறது".

ஒரே மாவட்டம்தான். மேற்கே இரண்டு பருவமழையும் கொட்டும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் கிழக்கே வந்தால் மேகம் எங்கள் தலைக்கு மேல் ஓடி எங்கேயோ போய்விடும். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் யாரும் குழாயை மூடாமல் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து எனக்குக் கை பரபரக்கும். எழுந்து போய் மூடிவிட்டு வருவேன். புது மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று அவர்கள் நினைத்தார்களாம்.

சிவப்புப் பாறைக்குள்

மச்சினன் இருப்பது ஃபீனிக்ஸ் பக்கம். அங்கிருந்து சயானுக்கு ஏறக்குறைய ஒரு பகல் முழுக்கக் கார்ப் பயணம். வழி முழுக்க மொட்டை வெளி. மாமியார் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "இங்க ஆளுவ எதைக் குடிச்சு இருக்காவ?" என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை, தூங்கிவிட்டார். பூங்காவின் பெயரைக் கேட்டதும் என் மனைவி, "சர்ச்சில பாடுவாங்களே, அந்தச் சீயோனா?" என்றாள். அதேதான். 1860களில் அங்கே குடியேறிய மார்மன் மக்கள் வைத்த பெயர். அவர்களுக்கு எவ்வளவோ காலம் முன்பிருந்து அது தென் பையூட் பழங்குடிகளின் இடம். 1919இல் தேசியப் பூங்கா ஆனது.

பள்ளத்தாக்குக்குள் சீசனில் சொந்தக் கார் போக முடியாது. 2000ஆம் ஆண்டிலிருந்து ஷட்டில் பஸ்தான், காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பஸ் கடைசி நிறுத்தம் வரை போய் நின்றது. அங்கே வர்ஜின் ஆறு ஓடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தாக இரண்டாயிரம் அடிப் பாறை. நடுவே முழங்கால் அளவுத் தண்ணீர். "இந்தத் தோடா இவ்வளவு மலையையும் அறுத்தது?" என்று மாமியார் நம்பாமல் கேட்டார். தோடு என்றால் அவர் பேச்சில் ஓடை. அந்த ஆற்றில் இறங்கி, ஓட்டத்துக்கு எதிராக நடந்தே குறுகலான பள்ளத்துக்குள் போவதுதான் அங்கே பெரிய விசேஷம். கம்பு ஊன்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். தடை இல்லை, அன்றைக்குத் திடீர் வெள்ளம் வர வாய்ப்பு எவ்வளவு என்று நுழைவிடத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைச் சும்மா எழுதவில்லை. 2015 செப்டம்பரில் இதே பூங்காவின் கீஹோல் என்ற குறுகல் பள்ளத்தில் இறங்கிய ஏழு பேரும் திடீர் வெள்ளத்தில் இறந்துபோனார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் இறங்கிய வீடியோவைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வரும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாமியார் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி ஆற்றில் காலை வைத்தார். "ஐஸு" என்றார். மச்சினன், "அம்மா, தலை மட்டும் முங்கக்கூடாது. நாலஞ்சு வருசம் முன்னால இந்த ஆத்துல விஷப்பாசி வந்து ஒரு நாய்க்குட்டி செத்துப்போச்சு" என்றான். 2020இல் நடந்தது அது. அதிலிருந்து பூங்காக்காரர்கள் எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மாமியார் காலை எடுத்துவிட்டார். "தலை நனையாம என்ன குளி? நம்ம அருவியில பாத்துக்கிடுவோம்." பையில் தோர்த்தும் மாற்றுச் சேலையும் இருந்தன. எனக்கு அப்போதே தெரியும், அருவியிலும் முடியாது என்று. முந்தின ராத்திரி படித்திருந்தேன். மச்சினனுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் க்ராட்டோ நிறுத்தத்தில் இறங்கி, பாலம் தாண்டி, கயென்டா பாதையில் ஏறினோம். சிவப்பு மணல், கள்ளிச்செடி, வெயில். அறுபத்தெட்டு வயதில் மருமகளின் ஸ்போர்ட்ஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மாமியார் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சரிவில் பால் வெட்டிய கால் அல்லவா. மச்சினன்தான் மூச்சு வாங்கினான்.

அந்தப் பாறையின் கதையை வழியில் நின்று நின்று அவனுக்குச் சொன்னேன், அவன் மூச்சு வாங்குவதற்கும் அது உதவியது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மணற்குன்றுகள். அந்த மணல் இறுகித்தான் இந்தப் பாறை. நவஹோ மணற்கல் என்கிறார்கள். மணல் என்பதால் இன்னும் தண்ணீரை உறிஞ்சும். அங்கே ஆண்டு முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 15 அங்குல மழைதான். அந்த மழையிலும் பனி உருகியதிலும் ஒரு பகுதி பாறைக்குள் இறங்கிக்கொண்டே போகும். கீழே கயென்டா என்ற களிப்பாறை அடுக்கு குறுக்கே படுத்திருக்கும். அதைத் தாண்ட முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பாறையின் முகத்தில் கசிந்து வெளியே வரும். அப்படி வெளியே வர எவ்வளவு காலம் ஆகிறது என்று அதே பள்ளத்தாக்கில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; ஆயிரம் ஆண்டுக்கும் மேலே. ராஜராஜன் காலத்து மழை இப்போது சொட்டுகிறது. எமரால்டு பூல்ஸில் விழுவது மேலே இருந்து வழிகிற தண்ணீரும் இப்படிக் கசிகிற ஊற்றும் சேர்ந்துதான்.

மேல்குளம் வந்தது. மூன்று பக்கமும் பாறை அண்ணாந்து நிற்க, அடியில் ஒரு குளம். பாசியால் பச்சை. நம் பக்கத்துச் சின்ன ஊர்க்குளத்தில் பாதிகூட இருக்காது. பாறையிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக இறங்குகிறது. காற்று அடித்தால் அந்தக் கோடு வளைகிறது. சுற்றிலும் ஐம்பது, அறுபது பேர். யாரும் தண்ணீருக்குள் இல்லை. நீந்தக்கூடாது, இறங்கக்கூடாது, கால் நனைக்கவும் கூடாது என்று பலகை. மாமியார் பலகையைப் படிக்கவில்லை. ஆட்களைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஒருத்தனும் எறங்கலியே. என்னவாம்?" மச்சினன் தயங்கிச் சொன்னான். "பின்ன என்னத்துக்கு இம்புட்டுப் படிக்கட்டு வெட்டி வச்சிருக்கான்?" "பாக்கதுக்கு அம்மா." "பாத்தாச்சு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மகன் விடாமல் சமாதானம் சொன்னான். வருசத்துக்கு ஐம்பது லட்சம் பேர்வரை வருகிற இடம் (2021இல் அதையும் தாண்டியது), எல்லார் உடம்பிலும் வெயிலுக்குப் பூசிய கிரீம், எல்லாரும் இறங்கினால் இந்தத் தண்ணீர் என்னத்துக்கு ஆகும், இதில் தவளை எல்லாம் வாழ்கிறது என்று. மாமியார், "தவளை கெடக்க வெள்ளத்துலதான் நாம காலாகாலமா குளிக்கோம், அது ஒண்ணும் சொல்லல்ல" என்றார். அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதற்கு அவனிடம் பதில் இல்லை.

அப்போது ஒரு சின்னப் பையன் பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டான். பூங்கா ஊழியர் ஒரு பெண் வந்து அவன் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு வாக்கியம் பேசினார். பையன் காலை எடுத்துக்கொண்டான். விசில் இல்லை, கம்பு இல்லை. நம் ஊர் அருவியில் விசில் சத்தம் தண்ணீர்ச் சத்தத்தை மிஞ்சும்.

எனக்கு அங்கே வேறொன்று நடந்தது. நான் மைனஸ் ஐந்து பவர் கண்ணாடி போடுகிறவன். அருவி என்றால் கண்ணாடியைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன். திற்பரப்பு, உலக்கை அருவி, குற்றாலம் எல்லாமே எனக்கு வெள்ளையாக ஒரு மங்கல், தலையில் ஒரு அடி, காதுக்குள் ஒரு இரைச்சல். அவ்வளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு, உலர்ந்த உடம்போடு, ஒரு அருவியின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. பாறையில் தண்ணீர் வழிந்த இடங்களில் கறுப்பாகக் கோடு கோடாக இறங்கியிருப்பது, கசிகிற வெடிப்பில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பாசி வரிசையாகப் பச்சை கட்டியிருப்பது, ஒரு துளி பாறை விளிம்பைவிட்டுக் கிளம்பிக் கீழே வரும்போது பாதியில் உடைந்து தூசியாவது. இது எல்லாம் திற்பரப்பிலும் இருக்கும்தானே? நாற்பது வருடமாகப் போய்வருகிறேன், அதன் பாறை என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இதை மாமியாரிடம் சொன்னேன். "கண்ணாடியப் போட்டுட்டுப் பாக்கதுக்கு டிவி இருக்கே மாப்பிள்ளே" என்றார்.

கீழ்க்குளத்தில்

இறங்கும் பாதை கீழ்க்குளத்தின் வழியாக வருகிறது. அங்கே பாறை ஒரு பெரிய தாழ்வாரமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. நடுக்குளத்துத் தண்ணீர் அந்த விளிம்பிலிருந்து கீழே விழுகிறது. பாதை போவது அந்தத் தாழ்வாரத்துக்கு அடியில். அதாவது அருவிக்குப் பின்பக்கமாக நடந்து போகலாம். ஆனால் அருவி ஒரே இடத்தில் ஒழுங்காக விழுவதில்லை. விளிம்பு முழுக்கக் கசிவு. பாதையில் நடக்கிறவர்கள் தலையிலும் தோளிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கூட்டம் கேமராவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு குனிந்து ஓடுகிறது.

மாமியார் ஓடவில்லை. நின்றார். அண்ணாந்து பார்த்தார். எங்கே சொட்டு அதிகம் என்று கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. இரண்டடி தள்ளி நின்றார். கைப்பையை மகளிடம் கொடுத்தார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். பாதையைவிட்டு ஒரு அங்குலமும் விலகவில்லை, குளத்தைத் தொடவில்லை. சும்மா நின்றார், அவ்வளவுதான். ஒரு சொட்டு நெற்றியில். ஒன்று வகிட்டில். கை இரண்டையும் குவித்து ஏந்தி, கொஞ்சம் சேர்ந்ததும் உச்சியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் ஏந்தினார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வெள்ளைக்காரக் கிழவி நின்று பார்த்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மச்சினன் பதறி, "அம்மா, ரேஞ்சர் வந்துரப்போறாங்க" என்றான். "வரட்டு. நான் வெள்ளத்துல எறங்கல்ல. வெள்ளம் எம்மேல எறங்குது."

அதற்கு எந்தப் பலகையிலும் பதில் இல்லை. காது மடல் வழியாகக் கழுத்துக்குத் தண்ணீர் இறங்குகிற அளவுக்கு நனைந்த பிறகுதான் நகர்ந்தார். தோர்த்தை எடுத்துத் தலையைத் துவட்டி, நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதோடு பஸ் ஏறினோம். அவர் கணக்கில் அது குளி. என் கணக்கில் சொட்டு.

யார் தண்ணீர்

முதலில் நான் பலகையின் கட்சி. இப்போதும் அதே கட்சிதான், ஆனால் காரணம் மாறிவிட்டது. அமெரிக்காக்காரனுக்கு இயற்கைமேல் ரொம்பப் பிரியம், நமக்கு இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறதே, திரும்பி வந்தவர்கள் எல்லோரும் பேசுவது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரியம் என்றால் ஆற்றிலும் இறங்க விடமாட்டார்களே. ஆற்றில் ஆயிரம் பேரை இறங்கவிட்டு, குளத்தில் ஒரு குழந்தையின் காலை எடுக்கச் சொல்கிறார்கள். வித்தியாசம் ஓட்டத்தில் இருக்கிறது. ஆறு நம் அழுக்கை அள்ளிக்கொண்டு போய்விடும், அடுத்த மழையில் மொத்தமும் கழுவப்படும். சொட்டுச் சொட்டாகச் சேர்ந்த குளத்தில் போட்டது போட்ட இடத்தில் கிடக்கும்.

இதை நான் யூட்டாவில் கற்றுக்கொள்ளவில்லை. வேலை கிடைத்த புதிதில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தேன். அங்கே குடிதண்ணீர் ஊருணி பார்த்திருக்கிறேன். சுற்றிலும் முள்வேலி. கரையேறும் முன் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். குடத்தைத் தண்ணீரில் சாய்த்து, கை படாமல் மொண்டு எடுப்பார்கள். குளிப்பதற்கும் மாடு கழுவுவதற்கும் வேறு குளம், தள்ளி. ஊருணிக் கரையில் பலகை எதுவும் இல்லை. காலை வைத்துப் பார்த்தால் ஊர் என்ன என்று தெரிந்துவிடும். எமரால்டு பூல்ஸ் பலகையைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த ஊருணிதான். வறண்ட ஊர்க்காரன் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் யோசிப்பான் போலிருக்கிறது. மாமியாருக்கு அது அவமானமாகப் பட்டதற்கும் அதுவே காரணம். அவர் ஊரில் தண்ணீர் என்பது வந்துகொண்டே இருப்பது. வருகிறவளை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போ என்று சொல்லலாமா?

சரி, நம் பக்கம் என்ன நிலைமை? திற்பரப்பில் பேச்சிப்பாறையில் தண்ணீர் திறந்தால் குளிக்கத் தடை, குறைந்தால் அனுமதி. காட்டுக்குள் ஆற்றங்கரையில் காளி கோயில் இருக்கும் காளிகேசத்தில் மழை பிடித்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும், விட்டால் விட்டதுதான். நமக்குத் தெரிந்தது இரண்டே நிலை. ஒன்று, கேட் மூடியிருக்கும். இல்லையென்றால் ஷாம்பு பாக்கெட், பிளாஸ்டிக் பாட்டில், பிரியாணிப் பொட்டலம் சகிதம் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு கூடாது என்று உயர்நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இதோ இங்கே குளி, பத்தடி மேலே தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தக் கயத்தில் மட்டும் இறங்காதே என்று சொல்கிற நடுவழி ஒன்று நம்மிடம் இல்லை. காளிகேசத்தில் பாறைகளுக்கு இடையே சின்னச் சின்னக் கயங்கள் நிறைய. கோடையில் ஓட்டம் நின்று தேங்கிக் கிடக்கும்; மீன் குஞ்சு எல்லாம் அதில்தான் பிழைத்துக் கிடக்கும். அதே கோடையில்தான் பள்ளி லீவும் கூட்டமும். போன மாதம் போயிருந்தபோது இப்படி ஒரு கயத்தில் நுரை மிதந்துகொண்டிருந்தது, பக்கத்துப் பாறையில் கிழித்த ஷாம்பு பாக்கெட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயம் என்று 2008இல் அறிவித்த காடு இது. கண்ணாடியோடுதான் போயிருந்தேன், நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். ஓடுகிற இடத்தில் எல்லாரும் குளிக்கட்டும், தேங்கின நாலைந்து கயத்துக்கு மட்டும் பலகை வைக்கலாம், உங்கள் மகன் ஊரில் வைத்திருக்கிற மாதிரி என்று. அவர் பலாக்கொட்டை தோல் உரித்துக்கொண்டிருந்தார். குளிக்கக்கூடாது என்ற பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார் என்றுதான் நினைத்தேன்.

"பலகை வச்சா எவன் படிப்பான்? அந்தக் கயத்துல யட்சி கெடக்குன்னு ஒரு சொல்லு சொல்லிவிடுங்க. ஒருத்தனும் எறங்கமாட்டான்."

"காளி கோயிலுக்கு நேர் முன்னாலயே ஷாம்பு போடுதானுவ மாமி. காளிக்கே பயமில்ல, யட்சிக்கா பயப்படப் போறான்?"

"அது அம்மை. பிள்ளைய என்ன செஞ்சாலும் பொறுத்துக்கிடுவா. யட்சி பொறுக்கமாட்டா" என்றார்.